தண்டவாளத்தில் யாருமில்லை என்று சொன்னேன்

போன மாதம் ஓய்வுபெற்ற ஊழியர்களுக்கான மருத்துவ முகாமில் ஓர் இளம் மனநல மருத்துவர் பேசினார். கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவது, பூட்டைப் பத்து தடவை இழுத்துப் பார்ப்பது, செய்யாத தப்பைச் செய்துவிட்டோமோ என்று நடுங்குவது எல்லாமே நோய்தான் என்றார். இதற்கு மாத்திரையும் இருக்கிறது, பயிற்சியும் இருக்கிறது என்றார். பேசி முடித்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க பழைய கம்பவுண்டர்னு சொன்னாங்க. வெள்ளைக்காரன் காலத்துல இந்த மாதிரி நோயாளிங்க வந்திருக்காங்களா சார்?"

"ஒருத்தர் வந்தார்" என்றேன். மீதியை எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கம்பவுண்டர் பரீட்சை தேறியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. மாத்திரை உருட்டுவது, களிம்பு குழைப்பது, கொயினா மிக்சரைப் பாட்டிலில் ஊற்றி வேளைக்கு ஒரு கோடாகக் காகிதம் ஒட்டுவது, இவ்வளவுதான் நான் படித்த வித்தை. ஆவடி ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் ரயில் ஊழியர்களுக்கென்று இருந்த சின்ன மருந்தகத்தில் வேலை கிடைத்தது. இரண்டு அறை, ஒரு நீண்ட பெஞ்சு, ஒரு டாக்டர், நான்.

டாக்டர் வரதராஜுலுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாற்பது வயதுக்காரர், மெலிந்த உடம்பு. சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் டாக்டர்கள் கேங்மேனையும் போர்ட்டரையும் "வாடா" என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் எல்லோரையும் "வாங்க" என்பார். நோயாளி பேசி முடிக்கும்வரை பேனா மூடியைக் கழற்றமாட்டார். பேச்சு நின்றால் "அப்புறம்?" என்று ஒரே ஒரு வார்த்தை. அதன் பிறகும் காத்திருப்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். வெளியே முப்பது பேர் நிற்பார்கள். ஏன் இப்படிக் காத்திருக்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். "உள்ள வந்ததும் சொல்றது நமக்காகச் சொல்றதுப்பா. எழுந்து போகும்போது வாசல்கிட்ட நின்னு ஒண்ணு சொல்வாங்க பாரு, அதுதான் நோய்" என்றார்.

முனுசாமியும் அப்படித்தான் வாசலில் நின்று சொன்னார்.

அவர் சேக்காடு பக்கத்து ரயில்வே கேட்டில் கேட்மேன். முப்பத்தைந்து வயது இருக்கும். சொந்த ஊர் பாரிவாக்கம், பயிர் வைக்கும் குடும்பம். உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம் உடைந்து சீழ் பிடித்து வந்திருந்தார். நான் வெந்நீரில் கழுவிச் சரளைக்கல் துணுக்குகளை இடுக்கியால் எடுத்தேன். கட்டுப் போட்டு முடித்ததும் கும்பிட்டுவிட்டு வாசல்வரை போனவர் அங்கேயே நின்றார்.

"அய்யா, நடக்காம இருக்கறதுக்கு எதுனா மருந்து கீதா?"

டாக்டர் அவரைத் திரும்ப அழைத்து உட்கார வைத்தார். "எங்க நடக்கறீங்க?"

"ரயில் ரோட்டு மேலதாங்க. வண்டி போன பொறவு போயி பாப்பேன். யாராச்சும் அடிபட்டுக் கெடக்கறாங்களான்னு."

"யாராவது அடிபட்டிருக்காங்களா?"

"இல்லீங்க. பதினோரு வருசமா கேட்டுல கீறேன். ஒரு கோழி கூட அடிபட்டது இல்ல."

"அப்புறம்?"

முனுசாமி குனிந்துகொண்டார். "கேட்ட சாத்திப் பூட்டுவேன். இஸ்துப் பாப்பேன். எல்லாம் தெரியும். ஆனா வண்டி போனதும் உள்ள ஒன்னு கேக்குது. சாத்துனியா நீ? யாரோ குறுக்க வந்தாங்களே, பாக்கலியா? அப்டின்னு. போயி பாத்தா ஒன்னும் இருக்காது. திரும்பி வர சொல்ல, அந்தப் பொதருக்குப் பின்னால பாத்தியான்னு கேக்கும். மறுபடியும் போவேன். சோறு துன்ன முடியல, கொயந்தைய தூக்க முடியல. எனக்கு இன்னா பைத்தியமா அய்யா?"

"பைத்தியம் இல்ல. பைத்தியக்காரன் தனக்குத் தோணறதை நம்புவான். நீங்க நம்பாமலே நடக்கறீங்க. அதுதான் உங்க கஷ்டம்."

முனுசாமி அழுதுவிட்டார். பைத்தியம் இல்லை என்று யாராவது சொல்லிக் கேட்க அவர் எத்தனை நாள் காத்திருந்தாரோ.

அவர் போனதும் நான் புரோமைடு பாட்டிலை எடுத்தேன். நரம்புக் கோளாறு என்று எது வந்தாலும் அதுதான் கொடுப்போம். டாக்டர் தடுத்தார். "தூக்கக் கலக்கத்துல கேட் பாக்கறவன் வேணுமா நமக்கு?" மேலதிகாரிக்கு எழுதவும் மறுத்துவிட்டார். எழுதினால் வேலை போகும், ரயில்வே வீடு போகும். கல்லூரியில் தனக்குப் பாடம் சொன்ன ஒருவர் இந்தச் சந்தேக நோயைப் பற்றிச் சொல்லியிருக்கிறார் என்றும், சந்தேகம் எல்லோருக்கும்தான் வரும், அதற்குப் பதில் தேடிப் போவதில்தான் நோய் வளர்கிறது என்றும் சொன்னார். "போகாம இருந்தா பயம் என்ன ஆகும்னு அவர் இதுவரைக்கும் பாத்ததே இல்ல. பாக்கட்டும்."

மறுநாளிலிருந்து தினமும் மாலை நாலரை மணிக்கு இருவரும் சைக்கிளில் கேட்டுக்குப் போனோம். மாலைப் பாசஞ்சர் போவதற்கு முன் முனுசாமி கேட்டைச் சாத்தி, பூட்டி, ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்க்கலாம். வண்டி போனதும் கேட்டைத் திறந்துவிட்டு, தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி ஒரு கல்லின்மேல் உட்கார வேண்டும். டாக்டர் பக்கத்திலேயே தரையில் உட்காருவார். கையில் கடிகாரம். என் கையில் நோட்டு.

"ஏரியில நிக்கற மாதிரி நெனச்சுக்குங்க. பயம் இப்போ எதுவரைக்கும் நிக்குது?"

"கழுத்து வரிக்கும் கீதுங்க."

"இப்போ?"

"அய்யோ, மூக்குக்கு வந்துடிச்சி அய்யா. யாரும் இல்லதானே? நீங்க பாத்துகினுதானே இருந்தீங்க?"

"அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லமாட்டேன் முனுசாமி. உங்களை நான் பிடிச்சு வைக்கல. போகணும்னா எழுந்து போகலாம். தண்ணி தானா வடியுதான்னு பாத்துட்டுப் போங்க."

முனுசாமியின் முதுகில் வியர்வை வழிந்தது. இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தார். பதில் சொன்னால்தான் என்ன என்று எனக்கு டாக்டர்மேல் கோபம் வந்தது. ஒன்றரை மணி நேரம் அப்படியே இருந்தோம். மூக்கிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து மார்பு, இடுப்பு. முழங்காலுக்கு இறங்கியபோது முனுசாமி வியந்து போய் டாக்டரைப் பார்த்தார். "வடியுதுங்க" என்றார்.

பத்தாவது நாள் ஒரு மணி நேரம். ஒரு மாதத்தில் அரை மணி. நாலாவது மாதம் வண்டி போன பிறகு அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு எங்களோடு விலைவாசி பேசினார். அவர் மனைவி கன்னியம்மாள் ஒரு கூடை கத்தரிக்காயைக் கொண்டுவந்து மருந்தகத்தில் வைத்தார். "இப்பல்லாம் உக்காந்து சோறு துன்றாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்றைக்கு அந்த டாக்டர் தன் போக்கில் செய்தது கிட்டத்தட்ட இன்றைக்கு நீங்கள் செய்வதுதான் என்பது, தம்பி, உங்கள் பேச்சைக் கேட்ட பிறகே எனக்குத் தெரிந்தது.

அப்போது யுத்தம் வந்தது. டாக்டர் வரதராஜுலு ராணுவ ஆஸ்பத்திரி வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. போகிற நாளில் அந்த நோட்டை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். "யுத்த காலத்துல வண்டி அதிகமாகும். அவருக்குத் திரும்ப வரலாம். கேட்பார், கெஞ்சுவார். பதில் மட்டும் சொல்லாதே. உனக்கு மனசு இளகும். இளகினாலும் சொல்லாதே, பக்கத்துல உக்காரு. அது போதும்" என்றார். அவர் பர்மாப் பக்கம் போனதாகக் கேள்விப்பட்டேன். திரும்பி வரவில்லை.

அவருக்குப் பதிலாக வந்தவர் நாலு மருந்தகங்களைப் பார்க்க வேண்டியவர். வாரத்துக்கு இரண்டு நாள் வருவார், கையெழுத்துப் போடுவார், போவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

டாக்டர் சொன்னபடியே ஆயிற்று. ராணுவச் சாமான் வண்டிகள் நேரம் காலம் இல்லாமல் ஓடின. முனுசாமி மறுபடியும் நடக்க ஆரம்பித்தார். மருந்தக வேலைக்கு நடுவே தினமும் ஒரு முறையாவது போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினைந்து நாள் வாயைத் திறக்கவில்லை. பதினாறாவது நாள் முனுசாமி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"கம்பவுண்டரே, நீங்க டாக்டரு இல்ல, எம் மாதிரி ஆளு. ஒரே ஒரு வாட்டி சொல்லுங்க. யாரும் இல்லன்னு சொல்லுங்க. ஒங்க காலப் புடிக்கிறேன்."

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. என்னைவிட மூத்த மனிதர் காலில் விழப் போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. எழுந்து தண்டவாளத்தோரமாக ஒரு பர்லாங் நடந்து பார்த்துவிட்டு வந்து சொன்னேன். "பாத்துட்டேன். யாரும் இல்ல."

அந்த முகம் தெளிந்ததை இன்றைக்கும் சொல்ல முடியும். டாக்டர் ஒன்றரை மணி நேரத்தில் செய்ததை நான் ஒரு வார்த்தையில் செய்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

மறுநாளும் கேட்டார். மறுநாளும் போய்ப் பார்த்தேன். பிறகு ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. நான் வராத வேளையில் கன்னியம்மாளை மருந்தகத்துக்கு அனுப்புவார். "யாரும் இல்லதானேன்னு ஒங்களக் கேட்டுகினு வரச் சொன்னாரு." இங்கே உட்கார்ந்துகொண்டு எனக்கு எப்படித் தெரியும்? இல்லை என்றே சொல்லி அனுப்புவேன். கொஞ்ச நாளில் கேட்டுக்குப் போனாலும் பத்தடி நடந்து, புதர் மறைவில் ஒரு பீடி குடிக்கும் நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, "பாத்துட்டேன்" என்பேன். என்ன இருக்கப் போகிறது அங்கே?

ஒரு நாள் காலை பதினொரு மணி சுமாருக்கு ஒரு கூட்ஸ் வண்டி போனது. நான் ரயில்வே லைன் வீடு ஒன்றில் ஊசி போட்டுவிட்டுக் கேட்டைத் தாண்டிச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். முனுசாமி கைகாட்டி நிறுத்தினார்.

"பாத்தீங்களா கம்பவுண்டரே? அந்தப் பக்கமாதானே வந்தீங்க?"

நான் வந்தது தண்டவாளத்தோரமாக இல்லை, வேறு பாதை. வெயில். மருந்தகத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள். "பாத்துகிட்டேதான் வந்தேன். யாரும் இல்ல" என்று சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னேன். முனுசாமி சிரித்தார். "சரிங்க, போயிட்டு வாங்க."

அரை மணி கழித்து ஒரு ராணுவ வண்டி போயிருக்கிறது. அதற்கும் அரை மணி கழித்துக் கேங்மேன்கள் ஒரு பலகையில் ஒரு பெண்ணைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சேக்காட்டில் மாட்டுக்குப் புல் அறுத்துப் பிழைக்கும் அலமேலு. காது மந்தம். கேட்டிலிருந்து ஒரு பர்லாங் தள்ளிப் பள்ளத்தில் கிடந்திருக்கிறாள். நாடி ஓடிக்கொண்டிருந்தது. தொடைக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். வாயில் தண்ணீர் விட்டேன். புடவையெல்லாம் பழைய ரத்தம், காய்ந்து கறுத்துப் போயிருந்தது. வெகுநேரமாகக் கிடந்திருக்கிறாள் என்று அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் வண்டியில்தான் அடிபட்டிருக்கிறாள். அரை மணி நேரத்தில் என் கையிலேயே உயிர் போயிற்று. நான் சொன்னபடி பார்த்துக்கொண்டே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், தெரியவில்லை.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். முதல் வண்டியின் கார்டு, கேட் சாத்தியிருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். இரண்டாவது வண்டிக்காரர்கள் கவனிக்கவில்லை. கேட்டில் அடிபட்டவளை வண்டி இழுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று நினைத்த அதிகாரி முனுசாமியைக் கேட்டார்.

"இரண்டாவது வண்டிக்குக் கேட்டைச் சாத்தினாயா?"

"சாத்துனேன்னுதாங்க நெனக்கிறேன்."

"நினைப்பு வேண்டாம். சத்தியமாகச் சொல்."

"சத்தியம் பண்ண முடியாதுங்க. மொத வண்டி போனதும் கம்பவுண்டரு பாத்துட்டு வந்து யாரும் இல்லன்னாரு. அவரு சொன்னா சரியா இருக்கும். அப்போ ரெண்டாவது வண்டியிலதான் அந்தம்மா அடிபட்டு இருக்கணும். அவரு சொன்னதுல எனக்கு மனசு லேசா பூடிச்சி. அந்த நெனப்புல நான் பூட்ட சரியா இஸ்துப் பாக்கலியோ இன்னாவோ."

என்னைக் கூப்பிட்டபோது காயம் எப்படி இருந்தது, எத்தனை மணிக்கு உயிர் போயிற்று என்று கேட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னேன். நீ அந்த வழியாக வந்தாயா என்று யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. எதிரே முனுசாமி நின்றுகொண்டிருந்தார். ஒரு வாக்கியம் போதும், அவர் வேலை நிலைத்திருக்கும். என் வேலை போயிருக்கும். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இதெல்லாம் காரணம் என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சாத்தியதாகச் சத்தியம் செய்ய மறுத்த கேட்மேனை வேலையிலிருந்து நீக்கினார்கள். பதின்மூன்று வருஷ வேலை. குடும்பம் பாரிவாக்கத்துக்குப் போய்விட்டது.

ஏழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அங்கே போனேன். தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், சொல்லிவிட்டால் தேவலை என்ற நிலைக்கு வந்திருந்தேன். கன்னியம்மாள் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து ஓடி வந்தார்.

"வாங்க கம்பவுண்டரே. நீங்களாச்சும் அவருகிட்ட பேசுங்க. ஏழு மாசமா ஊட்ட உட்டு வெளிய வரல. கொல்லைக்கிப் போறதுக்குக் கூட நான் கூட வரணும்."

முனுசாமி உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தாடி நெஞ்சுவரை வளர்ந்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். கன்னியம்மாள் வாசலில் மிளகாயைக் கிளறப் போனதும் நான் எதிரே உட்கார்ந்து ஒரே மூச்சில் சொன்னேன்.

"முனுசாமி, அன்னிக்கு நான் அந்த வழியா வரவே இல்ல. பாத்தேன்னு பொய் சொன்னேன். அந்தம்மா மொத வண்டியிலயே அடிபட்டுட்டாங்க. காயத்தைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும். அந்த வண்டிக்கு நீங்க கேட் சாத்தியிருந்ததைக் கார்டே பாத்திருக்கார். உங்கமேல தப்பே இல்ல. தப்பு என்னுது."

முகம் தெளியும் என்று காத்திருந்தேன். அவர் உதடு மெல்ல அசைந்தது. ஏதோ எண்ணுகிறார் போல இருந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ மத்த நாளு?"

"எந்த நாளு?"

"தெனம் தெனம் பாத்துட்டேன், யாரும் இல்லன்னு சொன்னீங்களே. அன்னிக்கெல்லாம் பாத்தீங்களா?"

இன்னொரு பொய் நுனிநாக்குவரை வந்தது. சொல்லியிருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது. "சில நாள் பாத்தேன். பல நாள் பாக்கல" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மெதுவாக எழுந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வாங்க கம்பவுண்டரே, போயி பாத்துட்டு வந்துடலாம்."

நாலு மைல் நடந்தோம். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். ஏழு மாதம் நடக்காத கால், வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தார். கேட்டில் இருந்த புது ஆளுக்கு முனுசாமியைத் தெரியும், ஒன்றும் சொல்லவில்லை. தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் அவர், இன்னொரு பக்கம் நான். ஒவ்வொரு புதராக விலக்கிப் பார்த்தோம். பள்ளங்களில் இறங்கிப் பார்த்தோம். முள்ளை விலக்கிக்கொண்டே அவர் சொன்னார்: "ஒன்னும் இருக்காதுன்னு எனக்குத் தெரியும். இம்மா நாளு பொறவு இன்னா இருக்கும்? தெரியும் கம்பவுண்டரே." சொல்லிவிட்டு அடுத்த புதருக்குப் போனார்.

பொழுது சாயும் வேளையில் அவரைப் பாரிவாக்கத்துக்குத் திரும்ப அழைத்து வந்தேன். கன்னியம்மாள் தெருமுனையிலேயே நின்றிருந்தார். புருஷன் தன் காலால் நடந்து வருவதைப் பார்த்ததும் அழுதார், சிரித்தார், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். சாப்பிடாமல் போகக் கூடாது என்று என்னை உட்கார வைத்துச் சோறு போட்டார். ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீர் குடித்துத்தான் விழுங்கினேன்.

மறுநாளிலிருந்து முனுசாமி தினமும் தண்டவாளத்துக்குப் போனார். நான் பார்க்காத நாட்களையெல்லாம் அவர் பார்க்க வேண்டியிருந்தது. நானும் முடிந்தபோதெல்லாம் போய் அவரைக் கல்லின்மேல் உட்கார வைக்கப் பார்த்தேன், டாக்டர் கேட்டது போலவே கேட்டுப் பார்த்தேன். என் பேச்சில் அவருக்கு நம்பிக்கை மிச்சமில்லை. ஐப்பசி மழையில் நனைந்து நிமோனியா வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் கையில் இருந்த மருந்தைக் கொடுத்தேன். எட்டாம் நாள் போய்விட்டார்.

அதன் பிறகு பல வருஷம் கன்னியம்மாள் இருந்தார். இருமல், முட்டிவலி என்று என்னைத் தேடி மருந்தகத்துக்கு வருவார். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒவ்வொரு தடவையும் என்னைக் காட்டிச் சொல்வார்: "ஏழு மாசம் ஊட்டுக்குள்ள கெடந்த எம் புருசன எழுப்பி நடக்க வெச்ச மகராசன் இவருதான்."

ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லிவிட எழுந்தேன். சொன்னால் நிம்மதி எனக்குத்தான், அந்த அம்மாளுக்கு இல்லை என்பது தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.